மீட்டர் பொய் சொல்லும், பெடல் சொல்லாது!



தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரி, காசு கொடுத்து வாங்குகிற மாட்டை? நம் தாத்தாக்கள் சந்தையில் பல்லைப் பார்த்தார்கள், சுழியைப் பார்த்தார்கள், நடக்க விட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். பேரப்பிள்ளைகளாகிய நாமோ பழைய கார் வாங்கப் போனால் மீட்டரைப் பார்க்கிறோம், பெயிண்டைத் தடவுகிறோம், டயரை ஒரு உதை உதைக்கிறோம். முடிந்தது பரிசோதனை!

நானும் அப்படி உதைத்தவன்தான். 2023-இல், முதலாமாண்டு படிக்கும்போது, பழைய மாருதி 800 ஒன்றைப் பார்க்க மாமா கூப்பிட்டார். அத்தைக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பஸ்ஸில் போய்வர முடியவில்லை. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. "மாப்ள, நீ ஆட்டோமொபைல் படிக்கிறே. நீ ஒரு பார்வை பார்த்தாப் போதும்" என்றார்.

2009 மாடல். மீட்டரில் 42 ஆயிரம் கிலோமீட்டர். நாங்கள் போனபோதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி சார்" என்றார் புரோக்கர். எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். "நல்லாத்தான் இருக்கு மாமா" என்றேன். அந்த மூன்று வார்த்தையின் விலை 65 ஆயிரம் ரூபாய்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், நடு வெயிலில், வண்டி கொதித்து நின்றது. ஹெட் கேஸ்கட் போயிருந்தது. பிஸ்டன் ரிங்கும் தேய்ந்திருந்தது. டயாலிசிஸ் முடிந்த களைப்போடு அத்தை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மாமா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 14 வருடத்தில் 42 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 3 ஆயிரம். நாளைக்கு எட்டு கிலோமீட்டர். எட்டு கிலோமீட்டர் ஓட்டிய காலுக்குப் பெடல் ரப்பர் வழவழவென்று தேயுமா? ஸ்டியரிங் பளபளக்குமா? டிரைவர் சீட் குழி விழுமா? மூன்றும் என் கண்முன்னேதான் இருந்தன. மீட்டரைத் திருப்பி வைக்கலாம். பெடலைத் திருப்பி வைக்க முடியாது.

ஆகவே என் கருத்து இதுதான்: அதிகம் ஓடிய வண்டி கெட்ட வண்டி அல்ல, கணக்கு மறைத்த வண்டிதான் கெட்ட வண்டி. நேரத்துக்கு ஆயில் மாற்றி, நெடுஞ்சாலையில் ஒன்றரை லட்சம் ஓடிய இன்ஜின், தெருமுனைக் கடைக்கு மட்டுமே போய் வந்த இன்ஜினைவிட நன்றாக இருக்கலாம். குறைந்த தூர ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதில்லை. ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து அதைக் கெடுக்கும். பாடத்தில் படித்ததுதானே?

பார்க்க வேண்டியவை பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டியிருக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆறிய இன்ஜினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்து புகையைக் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை கேஸ்கட்டைச் சந்தேகிக்கச் சொல்கிறது.

மேட்டைத் தூக்கித் தரையில் துருவைப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் விடாதீர்கள். பாடியில் சின்னக் காந்தத்தை மெல்லிய துணி சுற்றி ஒட்டிப் பாருங்கள். தகடு இருக்க வேண்டிய இடத்தில் பிடிக்காவிட்டால் அடியில் பட்டி. ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள். "டக் டக்" என்றால் ஆக்சில் ஜாயின்ட் தேய்மானம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரை வண்டியில் தேடிச் சரிபாருங்கள். கடன் பாக்கி, இன்ஷூரன்ஸ், பதிவு முடியும் தேதி எல்லாம் அவசியம். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். பிறகு புதுப்பிக்க வேண்டும். மாமா வாங்கிய வண்டிக்கு அது 2024-இல் முடிய இருந்தது. அதையும் நான் பார்க்கவில்லை!

மாமா அந்த வண்டியை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு, 2024-இல் மறுபடி என்னைத்தான் கூப்பிட்டார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. இந்த முறை 2011 மாடல், மீட்டரில் 1,56,000. மாமா தயங்கினார். நான் கம்ப்ரஷன் பார்த்தேன். மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்று குறைந்திருந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் பார்த்திருப்பேன். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. இடது பக்க ஜாயின்ட் மட்டும் சத்தம் போட்டது. அதைச் சொல்லி விலையைக் குறைத்தோம். அத்தை இன்றும் அதில்தான் போய் வருகிறார்.

நண்பர்களே, அந்தக் கம்ப்ரஷன் கேஜ் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் ஒர்க்‌ஷாப்பின் கண்ணாடி அலமாரியில்! பிராக்டிகல் தேர்வன்று மட்டும் வெளியே வருகிறது. துறைத்தலைவர் அனுமதியோடு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு இலவசமாகப் பரிசோதித்துச் சொல்ல நம் சங்கம் ஏற்பாடு செய்யக் கூடாதா? பத்துப் பேரின் சேமிப்பு தப்பும். நமக்கும் கை பழகும்.

அதுவரை ஒன்று மட்டும் செய்வோம். உறவினர் யாராவது "நீ படிச்ச பையன், பார்த்துச் சொல்லு" என்று கூப்பிட்டால், பார்த்துச் சொல்வோம். தெரியாவிட்டால் தெரியாது என்போம். அதில் அவமானம் இல்லை. தெரியாமல் "நல்லாத்தான் இருக்கு" என்பதுதான் அவமானம்.