சாவறிவிப்புக்கு மட்டுந்தான் தமிழா?

மின்கம்பத்தில் மண்டையோட்டுப் பலகை தொங்குகின்றது. அதன்கண் தமிழெழுத்தும் நிற்கின்றது. அதனை அங்கு நிறுத்தியது தமிழன்பு அன்று, சட்டம். எச்சரிக்கைப் பலகை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருப்பதோடு அம்மாவட்ட மக்களின் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்விதிகளுள் 35ஆம் விதி கட்டளையிட்டது. பின்வந்த 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் அதனையே கூறின. 'தொடாதே, சாவாய்' என்று சொல்லத் தாய்மொழியே வேண்டும் என்பதைத் தில்லியே ஒப்புக்கொண்டது. அக்கம்பத்தின்மேல் ஏறிப் பணிசெய்யும் இளைஞனுக்குத் தொழிலைக் கற்பிக்க மட்டும் அம்மொழி வேண்டாவோ?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ளது இரும்பை. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் தமிழ்ப் பதிகம் பாடிய இரும்பை மாகாளம் அதுவே. அதனருகில்தான் 1968இல், 124 நாடுகளின் மண்ணைக் கொணர்ந்து கலந்து, ஆரோவில் தொடங்கப்பெற்றது. உலகமே வந்து குடியேறிய அம்மண்ணில் சுற்றுச் சிற்றூர்களின் பிள்ளைகளுக்கு வயலைவிட்டுத் தொழிலுக்குச் செல்லும் காலம் வந்துவிட்டது. மின்கம்பி இழுப்பதும் தொலைவரி புதைப்பதும் அவர்கள் கைகளே. கை தமிழன் கை. அக்கைக்கு வழிகாட்டும் சொல் யாருடையது?

'பியூசு' என்கிறான் அவன். அச்சொல் அவனுக்கு ஒன்றும் உணர்த்துவதில்லை. அது அடிக்கடி அறுந்து தொல்லை தருகின்றதென்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிடுகின்றான். அடுத்த முறை மின்னோட்டம் அளவு மீறுங்கால், உருக வேண்டியது உருகாமல் சுவருக்குள் ஓடும் கம்பி காய்கின்றது; காப்புறை எரிகின்றது; வீடு பற்றுகின்றது. 'உருகி' என்று அதனை அவனுக்குக் கற்பித்திருந்தால்? 'இக்கம்பி உரிய வேளையில் உருகுமா?' என்று அச்சொல்லே அவனைக் கேட்டிருக்கும். தமிழ்ச்சொல் இங்கு அணிகலன் அன்று, உயிர்க்காப்பு.

தொலைவரியும் அத்தகையதே. இருபத்தைந்து இணைக் கம்பிவடத்தில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என ஐந்து நிறங்கள் ஒருபுறம். நீலம், செம்மஞ்சள், பச்சை, பழுப்பு, சாம்பல் என ஐந்து நிறங்கள் மறுபுறம். ஐயைந்து இருபத்தைந்து. இதனைக் கற்க ஆங்கிலம் எதற்கு? ஒவ்வோர் இணையையும் ஏன் முறுக்கியுள்ளனர்? புறத்தேயிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் படிந்து, இரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் ஏற்கும் முனையில் அற்றுப்போகும். குறிகை மட்டும் எஞ்சும். இதனைத் தமிழில் விளக்க எத்துணை நேரம் ஆகும்? அறியாதவனோ முனையில் முறுக்கை நீளப் பிரித்து இணைத்துவிட்டு, இரைச்சல் எங்கிருந்து வந்ததென்று திகைக்கின்றான்.

'மின்னியல் வெளிநாட்டு அறிவு. வெளிநாட்டு மொழியில்தான் வரும்' என்பார் உளர். 1791இல் கால்வானி தம் மின்னாய்வை இலத்தீனில் எழுதினார். அது கற்றோர் மொழி. ஆனால் மின்தடையின் விதியை 1827இல் ஓம் தம் தாய்மொழியாகிய செருமனில் வெளியிட்டார். கொல்லர் மகனாய்ப் பிறந்து, நூற்கட்டுக் கடையில் தொழில் பழகிய மைக்கேல் பாரடே, கட்ட வந்த நூல்களைத் தம் தாய்மொழியிற் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார். 1831இல் மின்தூண்டலைக் கண்டார். அந்நூல்கள் இலத்தீனில் இருந்திருப்பின் அவர் அட்டை ஒட்டியே வாழ்வை முடித்திருப்பார். இரும்பையின் பாரடே இன்று எந்தக் கடையில் அட்டை ஒட்டுகின்றானோ!

'தமிழிற் சொல்லில்லை' என்பதும் பொய். மின்சுற்று, மின்தடை, மின்மாற்றி, ஒளியிழை எல்லாம் உள. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தையே தமிழிற் பெயர்த்துக் கற்பித்தார். அயலார்க்கு இயன்றது நமக்கு இயலாதோ? பயிற்சி நூல்களும் தமிழில் வந்துள்ளன. ஆயினும் நூலட்டையில் தமிழ் இருந்து பயன் என்? பட்டறையில் ஆசான் வாயிலிருந்து அது பிறத்தல் வேண்டும்.

கருவிகளின்மேல் ஆங்கிலக் குறிகள் உள்ளனவே என்பார்க்கு ஒரு சொல். குறிகளைக் குறிகளாகக் கற்கட்டும். அதற்கு ஒரு கிழமை போதும். கருத்தைத் தாய்மொழியிற் கற்கட்டும்.

எனவே, தொழிற்பயிற்சிக் கூடங்களில் செய்முறைத் தேர்வு இவ்வாறு நடத்தல் வேண்டும்: மாணவன் சுற்றை இணைத்துக் காட்டுக, ஏன் அவ்வாறு இணைத்தான் என்பதைத் தமிழிற் கூறுக. கை செய்ததை வாய் விளக்க முடியாவிடின் அது கல்வி அன்று, பழக்கம். பழக்கம், புதிய பழுதொன்று வரும் நாளில் கைவிட்டுவிடும்.

தமிழார்வலரும் ஒன்று செய்க. தாளில் சொல்லாக்கி மகிழ்ந்தது போதும். ஆக்கிய சொல்லை எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்க. திருப்புளி பிடித்த கையில் ஏறாத சொல் நாட்டில் நிலைக்காது. சாவை அறிவிக்கும் பலகையில் நின்ற தமிழ், இனி வாழ்வைக் கற்பிக்கும் பலகையிலும் நிற்க!