சர்க்கரை வந்தது மருந்தாலா? 'இ-09' கோடு சொல்வது என்ன?

அம்பத்தூரில் மெடிக்கல் கோடிங் வேலை பார்ப்பவர்களுக்கு 'இ-11' மனப்பாடம். அது டைப் 2 சர்க்கரை நோய். ஸ்டீராய்டு போன்ற மருந்தால் சர்க்கரை வந்தால் 'இ-09'. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் பட்டியலில் உள்ள கோடு இது.

கண்ணும் பாதித்தால்?

புள்ளிக்குப் பிறகு 3 வரும். கண்புரை என்றால் இ-09.36. நிலை குறிப்பிடாத விழித்திரை பாதிப்போடு மாக்குலா வீக்கமும் இருந்தால் இ-09.311. கூடவே எந்த மருந்து என்பதற்கும் தனி கோடு போடணும். ஸ்டீராய்டுக்கு டி-38.0எக்ஸ்5.

சிக்கல் எங்கே?

ஸ்டீராய்டு நேரடியாகவும் கண்புரையை உண்டாக்கும். டாக்டர் அப்படி எழுதியிருந்தால் கோடு எச்-26.3. எதுவும் எழுதாமல் விட்டால், பழி சர்க்கரை மேல் விழும். இரண்டும் இருந்தாலே தொடர்பு உண்டு என எடுத்துக்கொள்வதுதான் கோடிங் விதி. அதனால் சந்தேகம் வந்தால் கோடர் யூகிக்கக் கூடாது, டாக்டரிடம் கேட்கணும்.

நமக்கு என்ன?

2021 கொரோனா இரண்டாம் அலையில் ஸ்டீராய்டு எடுத்த பலருக்கு சர்க்கரை எகிறியது. கறுப்புப் பூஞ்சை கண்ணையும் தாக்கியது. ஆஸ்துமா, முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு எடுக்கிறீங்களா? டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த மருந்தின் பெயர் இருக்கான்னு பாருங்க. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீங்க. விழித்திரையைப் பரிசோதிக்க மறக்காதீங்க.