ஊசிக்கு முன் ஒரு துளி ரத்தம்

ரஞ்சன்குடியிலிருந்து பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குச் சுமார் 17 கிலோமீட்டர். காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக அந்தத் தூரத்தைக் கடந்து வருபவர் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவதில்லை. சட்டைப்பையில் ஓர் ஆய்வகச் சீட்டு இருக்கும். முந்தின நாளே எங்கோ ஊசியும் போட்டிருப்பார்கள். சீட்டில் மொத்த வெள்ளையணு 14,000, நியூட்ரோபில் 88 சதவீதம் என்று இருந்தால் போதும், பாக்டீரியா என்று முடிவாகி ஆண்டிபயாடிக் ஏறத் தொடங்கும். முந்தின நாள் ஊசியில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

எழ வேண்டிய கேள்வி அது. ரத்த நாளங்களில் உள்ள நியூட்ரோபில்களில் ஏறத்தாழ பாதி ஓட்டத்தில் இருப்பதில்லை. நாளச் சுவரை ஒட்டி நிற்கும். ஊசி வழியே நாம் எடுக்கும் ரத்தத்தில் அந்தப் பாதி வருவதில்லை. ஸ்டீராய்டு உடலில் சேர்ந்த சில மணி நேரத்தில் சுவரோரம் நின்றவை ஓட்டத்துக்கு வந்துவிடும். எலும்பு மஜ்ஜையும் தன் கையிருப்பை வெளியே தள்ளும். அதே வேளையில் லிம்போசைட் குறையும், ஈசினோபில் காணாமல் போகும். அதாவது, கடும் வைரஸ் நுரையீரல் அழற்சியில் ரத்தம் எப்படி மாறுமோ அதே தோற்றத்தை ஒரேயொரு டெக்சா ஊசி உண்டாக்கிவிடும். அதன் செயல் ஒன்றரை நாளுக்கு மேல் நீடிக்கும். அந்த இடைவெளியில் எடுத்த எண்ணிக்கையை வைத்து நோயின் தீவிரத்தைக் கணிப்பது, நோயாளியை விட்டுவிட்டு மருந்தைப் பரிசோதிப்பதாகும்.

வெள்ளையணுக்களைப் பற்றி இவ்வட்டார மருத்துவர்களுக்குப் பெரிய பாடம் கிடைத்தது 2020 மே மாதத்தில். சென்னை கோயம்பேடு சந்தை மே 5 அன்று மூடப்பட்டதையொட்டி ஊர் திரும்பிய தொழிலாளர்களிடம் கோவிட் தொற்று கண்டறியப்பட்டு, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் எண்ணிக்கை சில நாள்களில் எகிறியது. அவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை. மூட்டை தூக்கும் வயதுடைய உடல்கள். அடுத்த ஆண்டின் இரண்டாம் அலையில் இதே மாவட்டங்களில் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தார்கள். வைரஸின் திரிபு மாறியிருந்தது உண்மை. ஆனால் ஒரே அலையில், ஒரே வீட்டில், ஒரே திரிபு தொற்றிய மகன் நடமாடிக்கொண்டிருக்க, தந்தை வென்டிலேட்டருக்குப் போனதைத் திரிபு மட்டும் விளக்காது.

விளக்கத்தின் ஒரு பகுதி 2020இல் பாரிசிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்தது. ழான்-லோரான் கசனோவாவின் குழு, உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா கண்ட 987 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 101 பேரின் ரத்தத்தில் முதல் வகை இன்டர்ஃபெரானைச் செயலிழக்கச் செய்யும் தன் உடலுக்கே எதிரான ஆன்டிபாடிகள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். அறிகுறியில்லாமலோ லேசாகவோ தொற்று வந்துபோன 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை. வைரஸ் நுழைந்ததும் எழ வேண்டிய முதல் எச்சரிக்கை மௌனமாக்கப்பட்டால், வைரஸ் தடையின்றிப் பெருகும். பின்னால் வரும் வெள்ளையணுக்கள் தாமதமாகவும் மிகையாகவும் வரும்.

வெள்ளையணுக்களைப் போர்வீரர்கள் என்று பள்ளிப் பாடம் சொல்லித்தருகிறது. 1751இல் ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டி, சந்தா சாகிப்பின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் முகமது அலியின் பக்கம் ஆங்கிலேயருமாக மோதிய வாலிகொண்டா சண்டையை நினைத்துக்கொண்டால் அந்த உவமைக்கு ஓரளவு பொருள் கிடைக்கும்: யார் வென்றாலும் படை இறங்கிய வயல் மிதிபடும். நுரையீரலின் காற்றறைகளில் நடப்பதும் அதுதான். முதலில் அங்கேயே குடியிருக்கும் மேக்ரோபேஜ்கள் வைரஸை எதிர்கொள்கின்றன. பல அழிகின்றன. அந்த இடத்தை நிரப்ப ரத்தத்திலிருந்து மோனோசைட்கள் வருகின்றன. வருபவை பழைய மேக்ரோபேஜ்களைவிட அழற்சியைத் தூண்டும் தன்மை மிகுந்தவை. பின்னாலேயே நியூட்ரோபில்கள். தம் டிஎன்ஏவையே வலையாக வீசி நுண்ணுயிரைச் சிக்கவைக்கும் அவற்றின் ஆற்றலை 2004இல் பெர்லினில் ஆர்த்துரோ சிக்லின்ஸ்கியின் குழு வெளியிட்டது. பாக்டீரியாவுக்கு எதிராக அருமையான ஆயுதம். கோவிட் நுரையீரலிலோ அதே வலைகள் நுண்ணிய நாளங்களில் ரத்தம் உறைவதற்கு வழி செய்தன.

லிம்போசைட்டின் கதை வேறு. சீனாவின் முதல் பெரிய தொகுப்பில், 1,099 நோயாளிகளில், அனுமதிக்கப்படும்போதே 83.2 சதவீதத்தினருக்கு அது குறைந்திருந்தது. 2003இன் சார்ஸிலும் இதுவே காணப்பட்டது. ஆனால் நம் ஊர்ச் சீட்டுகளில் பல இன்னமும் சதவீதத்தோடு நின்றுவிடுகின்றன. லிம்போசைட் 12 சதவீதம் என்பதற்குத் தனியே பொருளில்லை. மொத்தம் 12,000 இருந்தால் அது 1,440, பதற்றப்பட ஒன்றுமில்லை. மொத்தம் 4,800 என்றால் 576. அவரை வீட்டுக்கு அனுப்பும் முன் யோசிக்க வேண்டும். ஒரு பெருக்கல் கணக்குதான். இதைக்கூடப் போடாமல் ஃபெரிட்டின், டி-டைமர், இன்டர்லூகின்-6 என்று திருச்சிக்கு ரத்தம் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது.

கணக்குப் போட்டவர்களும் வேறொரு பள்ளத்தில் விழுந்தார்கள். நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம் 3.13ஐத் தாண்டினால் ஆபத்து என்ற எண் பெருந்தொற்றின்போது வாட்ஸ்அப்பில் பறந்தது. அதன் மூலம் பெய்ஜிங்கின் டிட்டான் மருத்துவமனையில் 61 நோயாளிகளிடம் செய்த ஆய்வு. அங்கும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே அந்த எல்லை பேசப்பட்டது. வயது உதிர்ந்தது, 61 என்பதும் உதிர்ந்தது, தசமப் புள்ளி மட்டும் தங்கியது. ஸ்டீராய்டு போட்ட பிறகு இந்த விகிதத்தைக் கணக்கிட்டு, அது ஏறியிருக்கிறதென்று மேலும் ஸ்டீராய்டு கொடுத்தவர்கள் உண்டு.

அதன் விலை தெரிந்ததே. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் சொன்னது மிகத் தெளிவானது: நாளொன்றுக்கு டெக்சா 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் 28 நாள் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் 26.2லிருந்து 23.3. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் பலன் இல்லை, இறப்பு 14.0க்கு எதிராக 17.8 என இருந்தது. புள்ளியியல் உறுதி இல்லாவிட்டாலும் எச்சரிக்கைக்கு அது போதும். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். முதல் வாரத்தில் வெள்ளையணுக்கள் வைரஸோடு போராடிக்கொண்டிருக்கின்றன. அப்போது அவற்றின் கையைக் கட்டக் கூடாது. இந்த எல்லையைத் தாண்டி, ஆக்சிஜன் 98 இருந்தவருக்கும் கொடுத்த ஸ்டீராய்டு நீரிழிவைக் கட்டவிழ்த்தது. சர்க்கரை ஏறிய ரத்தத்தில் நியூட்ரோபிலும் மேக்ரோபேஜும் பூஞ்சையைக் கொல்லும் திறனை இழக்கின்றன. 2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சையை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவிக்க நேர்ந்தது.

கோவிட்டில் கற்றதை இன்ஃப்ளூயன்சாவுக்கு அப்படியே பெயர்த்து எடுத்துச் செல்வதும் தவறு. அங்கே ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்ததாகவே பல அவதானிப்பு ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலும் தீவிர இன்ஃப்ளூயன்சாவில் அதைத் தவிர்க்கும் பக்கமே சாய்கிறது. மறுபுறம், இன்ஃப்ளூயன்சாவுக்குப் பின் நிமோகாக்கஸும் ஸ்டெஃபிலோகாக்கஸும் நுழைவது கட்டுக்கதை அல்ல. 1918இல் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களே சாட்சி. எனவே ஆண்டிபயாடிக்கே வேண்டாம் என்பது இவ்விதழின் கட்சியல்ல. கோவிட்டில் அனுமதியின்போது பாக்டீரியா உடன்தொற்று இருந்தது 3.5 சதவீதத்தினருக்கு, ஆண்டிபயாடிக் பெற்றது 70 சதவீதத்துக்கும் மேலானோர் என்று 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்தது. அந்த இடைவெளிதான் உறுத்துகிறது.

இந்த மாவட்டங்களுக்கென்று சில சிக்கல்களும் உண்டு. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் காட்டிலிருந்து காய்ச்சலோடும் இளைப்போடும் வருபவருக்கு ஸ்க்ரப் டைபஸ் இருக்கலாம். அக்குள், இடுப்பு, மார்பின் கீழ் மடிப்பு ஆகிய இடங்களில் கருகிய புண்ணைத் தேடாமல் வைரஸ் என்று எழுதக் கூடாது. அங்கே வெள்ளையணு இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும், தட்டணு குறையும். டெங்குவில் இரண்டுமே குறையும். தீவிர ஸ்க்ரப் டைபஸில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது மேலானது என்று வேலூர் சிஎம்சி தலைமையிலான ஆய்வு 2023இல் நிறுவியிருப்பதால், தவறவிட்டால் அந்த இழப்புக்குச் சாக்கு சொல்ல முடியாது. இரவு இருமலும் இளைப்புமாக வருபவரின் ஈசினோபில் 3,000ஐத் தாண்டியிருந்தால் யானைக்கால் புழுவோடு தொடர்புடைய ஈசினோபிலியாவை நினைக்க வேண்டும். காசநோய் போலத் தோன்றும் அந்த நிலையை 1940லேயே மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையின் ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும் விவரித்தார்கள். குடற்புழு சாதாரணமாக உள்ள கிராமத்தில் ஈசினோபில் சுழியாகிப் போவதும் ஒரு செய்திதான். கடும் தொற்று, அல்லது மறைக்கப்பட்ட ஸ்டீராய்டு.

ஆனால் மூன்று பிரிவாக மட்டும் எண்ணும் செல் கவுண்ட்டர் ஈசினோபிலைத் தனியே காட்டாது. லெய்ஷ்மன் சாயமிட்ட ஸ்லைடு காட்டும். நியூட்ரோபிலின் இளம் வடிவங்கள் மிகுந்திருப்பதும், அவற்றில் நச்சுத் துகள்கள் தெரிவதும் ஸ்டீராய்டால் அரிதாகவே நிகழும்; அவை தொற்றின் பக்கம் கை காட்டுகின்றன. இயந்திரம் வந்த பிறகு ஸ்லைடு பார்ப்பதை நிறுத்திய ஆய்வகங்கள், மூச்சுத்திணறலுடன் வரும் காய்ச்சல்காரர்களுக்காவது அதை மறுபடி தொடங்க வேண்டும். நுட்புநருக்கு அதற்கான நேரத்தைக் கொடுப்பது மருத்துவரின் பொறுப்பு.

அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டிருக்கிறது. சிறுவாச்சூரில் தனியார் கல்லூரி உண்டு. சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நிறைந்த நிலத்தில், தூசி படிந்த நுரையீரலின் மேக்ரோபேஜ்கள் வைரஸை எப்படி எதிர்கொள்கின்றன என்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அதிகம் இல்லை. முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள் அந்தப் பக்கம் திரும்பலாம்.

அதற்கு முன், நாளைக் காலையே செய்யக் கூடியது ஒன்று உண்டு. மூச்சுத்திணறும் நோயாளிக்கு முதல் ஊசி போடுமுன் ரத்தம் எடுத்துவிடுங்கள். பெரம்பலூருக்கோ திருச்சிக்கோ அனுப்பும்போது பரிந்துரைச் சீட்டில் காய்ச்சலின் நாளையும் லிம்போசைட்டின் முழு எண்ணிக்கையையும் எழுதுங்கள். டெக்சா போட்டிருந்தால் எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்பதையும் தயங்காமல் எழுதி அனுப்புங்கள்.