வழிகாட்டியின் ஊதியமும் பயணச் செலவே

தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்கள் பல, திருமலை, திருச்சானூர், காளத்தி ஆகிய மூன்று தலங்களையும் ஒரே நாளில் தரிசித்துத் திரும்புகின்றன. நேரம் மிஞ்சினால் ரேணிகுண்டாவுக்கு அருகிலுள்ள குடிமல்லத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. சென்னை உறவினர்களோடு அத்தகைய குழுவொன்றில் சென்றுவந்த ஓய்வூதியர் ஒருவரிடம், எங்கள் கிளைக்கு அவர் வந்தபோது பயணம் எப்படி இருந்தது என்று வினவினேன். “பழைய கோயில்தான் சார், பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டோம்” என்றார்.

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் இழந்தது சிறிதன்று. குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலின் இலிங்கம் ஏறத்தாழ 5 அடி உயரமுடையது. அதன் முன்புறத்தில், குள்ள உருவத்தின் தோள்மீது நிற்கும் சிவன், ஒரு கையில் ஆட்டையும் மறு கையில் சிறு கலயத்தையும் ஏந்தி, தோளில் மழுவோடு காட்சி தருகிறார். இது கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டினது என்பது அறிஞர் பலரின் கருத்து. பிற்காலத்தது என்போரும் உளர். கருவறைமேல் எழுந்துள்ள விமானம் தூங்கானை மாட வடிவினது. சுவர்களில் பாணர், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1970களில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வும் நடத்தியது. தம் மொழி எழுத்துகள் பொறித்த சுவரருகே நின்றும், எடுத்துரைக்க ஆளின்றி அந்த அன்பர் திரும்பிவிட்டார்.

அமெரிக்காவின் மேசா வெர்டே தேசியப் பூங்காவில், புவெப்லோ மக்களின் முன்னோர் செங்குத்துப் பாறைக் குடைவில் கட்டிய, சுமார் 150 அறைகள் கொண்ட குடியிருப்பு உள்ளது. அதனுள் சீட்டுப் பெற்று, பூங்கா அலுவலர் அழைத்துச் செல்லும் குழுவோடு மட்டுமே நுழைய இயலும். இதனால் கட்டடம் காக்கப்படுகிறது. காண்பவரும் பொருளறிந்து காண்கிறார். அவ்விடத்தைத் தம் முன்னோரின் இல்லமாகப் போற்றும் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். குடிமல்லமும் நாள்தோறும் வழிபாடு நடைபெறும் கோயிலே. எங்கே பேசலாம், எங்கே அமைதி காக்க வேண்டும் என்பதை அறிந்த வழிகாட்டி இங்கும் தேவை.

வழிகாட்டி என்றால் கட்டணம் உயரும் என்று பயண அமைப்பாளர்கள் கூறக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு ரூ.2,000 ஊதியம் அளித்தாலும், 40 பேர் கொண்ட குழுவில் தலைக்கு ரூ.50 மட்டுமே. சிற்றுண்டிக்கு ஆகும் செலவைவிட இது அதிகமன்று. முதியோருக்கு அலைச்சல் கூடும் என்பதும் பொருந்தாது. ஓரிடத்தைக் குறைத்து, மற்றோரிடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்பதே அவர்களுக்கு எளிது. அந்தத் தொகை உள்ளூர்ப் பட்டதாரி ஒருவருக்கு வருவாயாகும். அவருக்குத் தமிழும் தெலுங்கும் கல்வெட்டுச் செய்திகளும் கற்க ஊக்கமாகும். பயிற்சி அளிப்பது அரசின் கடமை எனினும், கேட்பவர் இல்லாத இடத்தில் பயிற்சி பெற எவரும் முன்வாரார்.

வைப்புநிதி வட்டியைச் சேமித்துப் பயணம் புறப்படும் வாடிக்கையாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. முன்பணம் செலுத்துமுன் அமைப்பாளரிடம் எத்தனை இடங்கள் என்று மட்டும் கேளாதீர்கள். ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு நேரம், விளக்கிச் சொல்பவர் யார், அவருடைய ஊதியம் கட்டணத்தில் அடங்குமா என்றும் கேளுங்கள். விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கினால், அமைப்பாளர் ஏற்பாடு செய்யத் தொடங்குவார்.