'எதிரி நாட்டவர்' என்று ஒதுக்கப்பட்டவர் பெயரில் அமெரிக்க போர்க்கப்பல்... யார் இந்த டேனியல் இனோயே?

அமெரிக்காவின் டெஸ்ட்ராயர் ரக போர்க்கப்பல்களுக்கு வழக்கமா கடற்படை, மரைன் படை வீரர்களின் பெயரைத்தான் வைப்பாங்க. ஆனால் 'யுஎஸ்எஸ் டேனியல் இனோயே' கப்பலுக்கு வைக்கப்பட்டிருப்பது ஒரு தரைப்படை வீரரின் பெயர். அதுவும் பிறகு அரசியல்வாதியானவர்.

யார் இவர்?

ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி குடும்பத்தில் 1924-ல் பிறந்தவர். 1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் விமானங்கள் பேர்ல் ஹார்பரை தாக்கியபோது அவருக்கு வயசு 17. காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்ய ஓடினார். ஆனால் அவரைப் போன்ற இளைஞர்களை 'எதிரி நாட்டவர்' என்று வகைப்படுத்தி, ராணுவத்தில் சேர்க்க மறுத்தது அமெரிக்கா. ஹவாய்க்கு வெளியே, மேற்குக் கடற்கரையில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அதில் பெரும்பாலானோர் அமெரிக்க குடிமக்கள்!

1943-ல் தடை நீங்கியதும் ராணுவத்தில் சேர்ந்தார். ஜப்பானிய வம்சாவளியினருக்கென உருவான 442-வது படைப்பிரிவு அது. 1945 ஏப்ரல் 21, இத்தாலி. கையெறி குண்டை வீசப்போன நேரத்தில் ஜெர்மானியர் சுட்டதில் வலது கை சிதைந்தது. செயலிழந்த கையில் இருந்த குண்டை இடது கையால் பிடுங்கி வீசினார். அறுவை சிகிச்சை நிபுணராகும் கனவு அங்கேயே முடிஞ்சுபோச்சு. நாட்டின் மிக உயரிய வீரப்பதக்கம் கிடைத்தது 2000-ல்தான். 55 வருஷம் கழிச்சு!

சர்ச்சை எங்கே?

1963 முதல் 2012-ல் இறக்கும் வரை செனட்டர். கடைசி காலத்தில் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர். கப்பலுக்கு பெயர் வைக்கும் அதிகாரம் கடற்படை செயலரிடம் இருக்கு. 'காசு ஒதுக்குறவங்க பெயரையே கப்பலுக்கு வைக்கிறதா?' என்ற விமர்சனம் அமெரிக்காவில் ரொம்ப நாளா உண்டு. இனோயே விஷயத்தில் அது பாதிதான் பொருந்தும். வெறும் பட்ஜெட் போட்டவர் இல்லையே அவர்.

96 ஏவுகணைக் குழாய்கள், ஏஜிஸ் ராடார் கொண்ட இந்தக் கப்பல், 2021 டிசம்பர் 8-ல் அதே பேர்ல் ஹார்பரில் படையில் சேர்க்கப்பட்டது. தாக்குதல் நடந்து 80 வருஷமும் ஒரு நாளும்.

இப்போ ஏன் பேசணும்?

பெயர்கள் நிரந்தரமில்லை என்பதை 2025 காட்டியது. கடற்படையில் இருந்து அரசியலுக்கு வந்தவரும், தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தவருமான ஹார்வி மில்க்கின் பெயர், ஒரு எரிபொருள் கப்பலில் இருந்து ஜூனில் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, மார்ச்சில், 442-வது படைப்பிரிவு பற்றிய பக்கம் ராணுவ இணையதளத்தில் இருந்து காணாமல் போனது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே திரும்ப வந்தது.