கரும்புக்குச் சண்டை போடட்டும்!

பொங்கல் விடுமுறை. சின்னவர்கள் இருவரும் கரும்புக்குச் சண்டை போடுகிறார்கள். தத்து வந்த 14 வயது மூத்த மகள் மட்டும் ஓரமாக நிற்கிறாள். "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், உட்காரம்மா" என்று அவளுக்கு உபசாரம் நடக்கிறது.

உபசாரம் விருந்தாளிக்குத்தான். மகளுக்கு எதற்கு?

2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர்களைத் தத்து எடுக்கலாம். உத்தரவு அமலாகும் நாள் முதல், பெற்ற பிள்ளைக்கு உள்ள எல்லா உரிமையும் தத்துப் பிள்ளைக்கும் உண்டு. சொத்திலும் அப்படியே.

சட்டம் ஒரே நாளில் மகளாக்கி விடுகிறது. வீடுதான் தயங்குகிறது.

கோலப்பொடியை அவள் கையில் கொடுங்கள். பானையில் பால் ஊற்றச் சொல்லுங்கள். வந்தவர்களிடம், "எங்கள் மூத்த மகள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்த பொங்கலுக்கு, "எனக்கும் கரும்பு" என்று தம்பியிடம் அவள் சண்டை போட்டால், பெற்றோர் மகிழலாம்.