திருட்டுப் படமும் குண்டர் சட்டமும்

திருட்டுப் படம் தொழிலையே அழிக்கிறதென்று பட முதலாளிகள் கூக்குரலிடுகிறார்கள். நஷ்டம் உண்மைதான், லைட் தூக்கும் தொழிலாளியின் கூலியிலும் அது கை வைக்கிறது. ஆனால் அதற்கு மருந்து என்ன? 2004ல் தமிழக சர்க்கார் வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தது. விசாரணையின்றி ஓராண்டு வரை சிறை! இதில் எளிதில் அகப்படுகிறவன் நடைபாதையில் சி.டி. விற்றவன், பிரதியை வெளியே விட்டவனல்ல. 2016ல் 'கபாலி'க்காக இணையதளங்களை முடக்கச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. படம் இணையத்தில் வந்தே தீர்ந்தது!

முதலாளிகளைக் கேட்கிறோம்: நாலு பேர் குடும்பம் கொட்டகைக்குப் போய்வர, கூலியாளின் ஒரு நாள் சம்பளம் போதுமா? முதல்நாள் விலைக் கொள்ளையை நிறுத்துங்கள். கொட்டகையில்லாத ஊர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் நீங்களே இணையத்தில் படத்தைக் கொடுங்கள். விசாரணையில்லாச் சிறையை ஆதரிப்பதை விடுங்கள். திருடனைப் பிடித்தால் கோர்ட்டில் நிறுத்தட்டும்.